சின்ன ஃபைபர் போட்டும் அதற்கான இஞ்சினும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரங்கம்பாடிக்கும் நாகைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் கரை. பாதி நாள் மீன்பிடித் தொழிலுக்குப் போவேன், மீதி நாள் அடுத்தவர் இஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டீக்கடையில் கேட்கிறார்கள், ஏலம் நடக்கும் இடத்தில் கேட்கிறார்கள், துபாயில் சம்பாதித்த பணத்தில் தம்பிக்கு ஒரு போட் வாங்கிக் கொடுக்க நினைக்கும் அண்ணன்மார் நடுராத்திரி வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன். இது முழுக்க மேல்தளம் இல்லாத திறந்த படகுக்கு, மூன்று நாலு பேர் விடிவதற்கு முன் போய் மதியத்துக்குள் கரை திரும்பும் தொழிலுக்கு. விசைப்படகு கதை வேறு.

கே: முதலில் படகைப் பார்ப்பதா, இஞ்சினைப் பார்ப்பதா?

இரண்டையும் இல்லை, உங்கள் கரையைப் பாருங்கள். மணலில் இழுத்து ஏற்றும் ஊரா, ஆற்று முகத்துவாரத்திலோ துறைமுகத்திலோ கட்டிப்போடும் ஊரா என்பதிலேயே பாதி முடிவு வந்துவிடும். மணலில் ஏற்றும் ஊர் என்றால் தினமும் இரண்டு தடவை அலையைத் தாண்ட வேண்டும், திரும்பி வந்ததும் டிராக்டர் கட்டி இழுக்க வேண்டும், கூடுதல் கனம் ஒவ்வொன்றும் காசு. கட்டிப்போடும் ஊரில் கனம் பெரிய விஷயமில்லை, ஆனால் படகு எப்போதும் தண்ணீரிலேயே கிடப்பதால் அடியில் பாசியும் சிப்பியும் பிடிக்கும்.

அடுத்தது வலை. நண்டு வலைக்கும் தூண்டிலுக்கும் போகிறவனுக்கு இடம் குறைவாகப் போதும். வஞ்சிரத்துக்கு நீளச் செவுள் வலை விடுகிறவனுக்கு வலை மட்டுமே படகின் நடுப்பகுதியை முழுங்கிவிடும், அதுவும் நனைந்தபின் என்ன கனம் என்று தூக்கினவனுக்குத்தான் தெரியும். மூன்றாவது, எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்பது. இந்த மூன்றும் தெரிந்தபின் படகு, படகு தெரிந்தபின் இஞ்சின். ஊரில் பாதிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பக்கத்துப் போட்டில் 25 ஹெச்பி இருக்கிறது, எனக்கும் 25 வேண்டும் என்று இஞ்சினை முதலில் வாங்கிவிட்டு அதை மாட்ட ஒரு படகு தேடுகிறார்கள்.

கே: ஃபைபர்தானா? கட்டுமரம், மரப் படகு எல்லாம் அவ்வளவுதானா?

கட்டுமரம் மாதிரி ஒரு பொருள் இனிமேல் வராது. ஆங்கிலக்காரன் அந்தப் பெயரையே வாங்கிக்கொண்டு போனான். கவிழ்ந்தாலும் மிதக்கும், உள்ளே தண்ணீர் நிற்காது, கரையில் அவிழ்த்து மரமரமாகக் காய வைக்கலாம். ஆனால் நல்ல லேசான மரம் கிடைப்பது அரிதாகிவிட்டது, இஞ்சினும் ஐஸ் பெட்டியும் வைக்க இடமில்லை. 1980-களின் தொடக்கத்தில் குமரி மாவட்டம் முட்டத்தில் மரைன் பிளைவுட்டைத் தைத்து ஒட்டி வள்ளம் கட்ட ஆரம்பித்தார்கள், நல்ல லேசான படகு அது. 1979-ல் தொடங்கி சென்னையில் அலுவலகம் வைத்திருந்த ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டமும் மணலில் ஏற்றி இறக்கும் படகுகளைச் செய்து பார்த்தது. சுழலியை (தண்ணீரைத் தள்ளும் விசிறியை) மேலே தூக்கிக்கொள்ளும் டீசல் இஞ்சினை நம் கரைகளுக்குத் தோதாக்கியதில் அந்தச் சோதனைகளுக்கும் பங்கு உண்டு.

அப்புறம் 2004 டிசம்பர் 26 வந்தது. சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்ததில் பெரும்பாலானவை ஃபைபர் போட். அவசரத்தில் வார்த்தவை நிறைய, அதில் பல நாலைந்து வருஷத்தில் விரிசல் விட்டன. ஃபைபர் மேல் சிலருக்கு இன்றைக்கும் இருக்கும் அவநம்பிக்கை அங்கே ஆரம்பித்ததுதான். தப்பு பொருளில் இல்லை, வார்த்த கையில். இன்றைக்குப் புதிதாக வாங்குகிறவருக்கு ஃபைபர்தான் என்று தயங்காமல் சொல்வேன், ரிப்பேருக்கு ஆளும் பொருளும் எல்லா ஊரிலும் கிடைக்கிறது.

கே: எத்தனை அடி வாங்கலாம்?

எங்கள் பக்கத்தில் ஓடுவது பெரும்பாலும் 28 முதல் 32 அடி. இரண்டு பேர் மட்டும் நண்டுக்கும் காலா மீனுக்கும் கிட்டத்தில் போவதென்றால் 20, 22 அடி தாராளம். நீளம் கூடினால் அலையில் ஏறி இறங்குவது சுகம், ஆனால் தள்ள ஆள் வேண்டும். நாலு பங்காளி கைவசம் இல்லாதவர் 32 அடி வாங்கினால் தினமும் கரையில் நின்று ஆள் தேடுவதே தொழிலாகிவிடும்.

கே: பழைய போட் வாங்கலாமா? எதைப் பார்ப்பது?

வாங்கலாம். பெயின்ட் அடித்து முடித்த போட்டைப் பார்க்கப் போகாதீர்கள், அடிப்பதற்கு முன்னால் போங்கள். கையில் ஒரு பத்து ரூபாய் நாணயம் எடுத்துக்கொண்டு அணியத்திலிருந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் டக் டக் என்று கெட்டியாகச் சத்தம் வரும், அடுக்கு பிரிந்த இடத்தில் பொத்தென்று அமுங்கும். அடிப்பக்கத்தில் கொப்புளம் கொப்புளமாக இருந்தால் ஒன்றைக் குத்திப் பாருங்கள். காடி நாற்றத்தோடு தண்ணீர் வந்தால் ஃபைபர் அடுக்குகளைப் பிடித்து வைக்கும் ரெசினுக்குள் நீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். நாலைந்து கொப்புளம் பரவாயில்லை, அம்மை போட்ட மாதிரி இருந்தால் விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பின்பலகை. அமரத்தில் இஞ்சின் மாட்டும் பலகைதான் படகின் உயிர். வெளியே ஃபைபர், உள்ளே பிளைவுட். இஞ்சினை முடுக்கும்போது வரும் தள்ளல் முழுவதையும் அதுதான் தாங்குகிறது. என்னுடைய முதல் போட்டில் (எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை) இரண்டாவது வருஷமே போல்ட் ஓட்டை ஓரமாகத் துருத் தண்ணீர் மாதிரி ஒரு கசிவு. துடைத்தால் மறுநாளும் வரும். போல்ட்டுத் துருதான் என்று விட்டுவைத்தேன். ஒரு நாள் சந்தேகத்தில் உள்பக்கமாகச் சின்ன டிரில் போட்டேன், வெளியே வந்தது மரத்தூள் இல்லை, வடிகட்டி வீசின டீத்தூள். ஈரமாக, கறுப்பாக, விரலில் ஒட்டுகிற மாதிரி. சாதாரண பிளைவுட்டை வைத்து மூடியிருக்கிறார்கள். பலகை முழுவதையும் வெட்டி எடுத்துப் புதிதாக வைக்க வேண்டியதாயிற்று, பத்து நாள் தொழில் போனது.

அதனால் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி முடி மாதிரி விரிசல், பழுப்புக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். இஞ்சின் மாட்டியிருந்தால் அதன் தலையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், பலகையும் சேர்ந்து அசைந்தால் ஒன்று அந்தச் செலவை விலையில் கழியுங்கள் அல்லது கிளம்பி வாருங்கள்.

கே: புதிதாகக் கட்டக் கொடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

நேரில் போய் நில்லுங்கள், அதுதான் முதல் விதி. மேட் (கண்ணாடி இழை விரிப்பு) எத்தனை அடுக்கு, நடுவில் நெய்த ரோவிங் (துணி மாதிரி நெய்த கண்ணாடி இழை) எத்தனை அடுக்கு என்று முன்கூட்டியே எழுதி வாங்கி, வார்க்கும்போது எண்ணுங்கள். சங்கடமாக இருக்கும், பரவாயில்லை. தண்ணீருக்குக் கீழே வரும் பகுதிக்கு ஐசோ ரெசின் கேளுங்கள், சாதாரண ரெசினைவிட விலை கூட, ஆனால் தண்ணீரைத் தாங்கும். பின்பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட், முத்திரையைக் கண்ணால் பார்த்தபின் மூடச் சொல்லுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் வார்க்க வேண்டாம், ஈரக் காற்றில் ரெசின் சரியாக இறுகாது.

இன்னொன்று, மிதவைக்காக இருக்கைக்கு அடியில் அடைக்கும் தெர்மோகோல். பெட்ரோல் பட்டால் தெர்மோகோல் கரைந்து போகும், சந்தேகமிருந்தால் ஒரு துண்டில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், ஐஸ்கிரீம் மாதிரி உருகும். டேங்க் வைக்கும் இடத்துக்கு அடியில் அதை வைத்துவிட்டு, கவிழ்ந்தாலும் மிதக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர். பாலியூரித்தேன் ஃபோம் கேளுங்கள்.

கே: சரி, எத்தனை ஹெச்பி இஞ்சின் போடலாம்?

இதற்குத்தான் எல்லாரும் வருகிறார்கள். நான் சொல்லும் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் படகுக்கு அதன் நீளமே ஒரு வேக எல்லை வைக்கிறது. தண்ணீரில் படியும் நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் கணக்கில் (மணிக்கு எத்தனை கடல்மைல் என்று) கிடைக்கும். 28 அடிப் படகில் தண்ணீரில் படிவது 25 அடி என்று வைத்துக்கொள்வோம். வர்க்கமூலம் 5, வேகம் 6.7 நாட். இந்த வேகம் வரைக்கும் படகு சமர்த்தாகப் போகும். அதைத் தாண்டச் சொன்னால் தானே எழுப்பின அலையின் மேல் ஏறப் பார்க்கும், அணியம் வானத்தைப் பார்க்கும், அமரம் தாழும், டேங்க் காலியாகும், வேகம் மட்டும் கூடாது. உண்மையிலேயே அதைத் தாண்டித் தண்ணீர் மேல் வழுக்கி ஓட வேண்டுமென்றால் சுமார் 20 கிலோவுக்கு ஒரு ஹெச்பி தேவை. ஓடு (வெறும் படகு), இஞ்சின், வலை, ஐஸ், ஆள் எல்லாம் சேர்த்து ஒன்றரை டன் என்றால் 75 ஹெச்பி. யாருக்குக் கட்டுப்படியாகும்?

வழுக்கி ஓட வேண்டாம், எல்லைக்குள் போனால் போதும் என்றால் டன்னுக்கு 5 ஹெச்பி தாராளம், எதிர்க்காற்றுக்கும் நீவாட்டுக்கும் (கடல் நீரோட்டம்) சேர்த்து. ஒன்றரை டன்னிலிருந்து இரண்டு டன் வரை இருக்கும் படகுக்கு 8-லிருந்து 10 ஹெச்பி. நம் கரையில் பெரியவர்கள் கணக்குப் பார்க்காமலே வந்து சேர்ந்த இடமும் அதுதான். இடையில் இருக்கும் 25 ஹெச்பி இரண்டிலும் சேராது.

எட்டுக் கடல்மைல் தூரத்தில் வலை விடும் இடம் என்று வையுங்கள். 6.5 நாட்டில் போனால் ஒன்றேகால் மணி நேரம். பெரிய இஞ்சினைப் போட்டு முக்கி முக்கி 7.5 நாட் எடுத்தால் ஒரு மணி நாலு நிமிஷம். மிச்சம் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்கு 25 ஹெச்பி டூ ஸ்ட்ரோக் முழு முடுக்கில் மணிக்கு 10 லிட்டர் அளவுக்குக் குடிக்கும். 10 ஹெச்பி டீசல் முழு முடுக்கிலேயே 2 முதல் 2.5 லிட்டர். ஏலத்துக்கு முதலில் வந்தால் விலை நன்றாகக் கிடைக்கும் என்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. அந்தக் கூடுதல் விலையை ஒரு மாசம் நோட்டில் எழுதி எரிபொருள் செலவோடு ஒட்டிப் பாருங்கள்.

ஏற்கெனவே இஞ்சின் வாங்கிவிட்டவருக்கும் ஒரு வழி இருக்கிறது. எல்லைக்குக் கிட்டத்தில் ஓடும்போது வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் தேவைப்படும் சக்தி கால் பங்குக்கு மேல் குறையும். திரும்பி வரும்போதாவது கொஞ்சம் கையைத் தளர்த்துங்கள்.

கே: நீளத்தண்டு டீசலா, அவுட்போர்டா?

மணலில் ஏற்றும் கரைக்கு நீளத்தண்டு டீசல், அதாவது நீண்ட தண்டின் நுனியில் சுழலி இருக்கும் இஞ்சின். ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் இஞ்சின், கிரீவ்ஸ், லோம்பார்டினி பெயர்களில் நம் கரைக்குப் பழக்கமானது. அலை உடையும் இடத்தில் தண்டைத் தூக்கிக்கொள்ளலாம், வலை சுற்றினால் உட்கார்ந்த இடத்திலிருந்தே சுழலியை மேலே எடுத்து அறுக்கலாம், எந்த ஊர் டீசல் மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டுவார். எரிபொருள் மிச்சம் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

கெட்டதையும் சொல்ல வேண்டும். சத்தம். இருபது வருஷம் ஓட்டினவர்களிடம் பேசிப் பாருங்கள், இடது காதா வலது காதா என்று கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும். அதிர்வில் ராத்திரி கை மரத்துப் போகும். காதுக்கு அடைப்பான் போடு என்றால் சிரிக்கிறார்கள், நானும் முப்பது வயசு வரை சிரித்தவன்தான். தண்டு திறந்து சுழல்வதால் லுங்கி, துண்டு, சட்டை நுனி எதுவும் அருகில் வரக் கூடாது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காரும் பையன்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பின்பலகையில் மாட்டிக் கழற்றும் அவுட்போர்டு லேசு, சத்தம் குறைவு, கியரும் ரிவர்சும் உண்டு, சாயங்காலம் கழற்றித் தோளில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகலாம். முகத்துவாரத்தில் கட்டிப்போடும் ஊருக்கும், தூண்டிலுக்கு அடிக்கடி இடம் மாறுகிறவருக்கும் அதுதான் தோது. உதிரிபாகம் எங்கே கிடைக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். பம்பு இம்பெல்லர் ஒன்றுக்காகச் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தால் எவ்வளவு நல்ல இஞ்சினும் வீண்.

கே: மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு?

குமரியிலும் கேரளத்திலும் அதுதான் ராஜா. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, அணைப்பதற்கு இரண்டு மூன்று நிமிஷம் முன்னால் மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும். கடைசியில் சொன்னதை மறக்கிறவர்தான் மறுநாள் காலையில் ஐம்பது தடவை கயிறு இழுக்கிறார். பிளக் சீக்கிரம் கறுக்கும், உள்ளே கரி கூடுதலாகப் படியும். அதே மாடல் பெட்ரோல் இஞ்சின் தரும் சக்தியும் இராது. மானிய மண்ணெண்ணெய் ஒழுங்காகக் கிடைத்தால் மட்டும் லாபம், வெளிச் சந்தையில் வாங்கி ஓட்டுவதென்றால் வேண்டவே வேண்டாம்.

கே: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? ஆயில் எவ்வளவு கலப்பது?

டூ ஸ்ட்ரோக் லேசு, எளிது, நீங்களே பிரிக்கலாம். ஃபோர் ஸ்ட்ரோக் விலையும் கனமும் கூட, ஆனால் எரிபொருளில் கால் பங்கு அளவுக்கு மிச்சம். தினமும் மூன்று நாலு மணி நேரம் ஓடுகிறவருக்கு ஃபோர் ஸ்ட்ரோக் விலையை மீட்டுத் தரும். வாரத்துக்கு இரண்டு நாள் போகிறவருக்குத் தராது.

கலப்பு உங்கள் இஞ்சின் புத்தகத்தில் உள்ளபடி. 50-க்கு 1 என்று போட்டிருந்தால் பத்து லிட்டருக்கு 200 மில்லி. கைக்கணக்கில் கூடுதலாக ஊற்றுவது பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், பிளக்கும் சைலன்சரும் அடைத்துக்கொள்ளும். மோட்டார் பைக்குக்கு விற்கும் 2டி ஆயில் வேண்டாம், டப்பாவில் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று இருக்க வேண்டும், அது தண்ணீரில் குளிரும் இஞ்சினுக்கென்றே செய்தது.

இப்போது புதுத் தலைவலி எத்தனால். பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது, அது காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவுக்கு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்க் அடியில் தனியாக நின்றுவிடும், அதைத்தான் இஞ்சின் முதலில் உறிஞ்சும். படகு டேங்கில் பெட்ரோலை மாசக்கணக்கில் வைக்காதீர்கள், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று போடுங்கள், பழைய ரப்பர் குழாய்களை மாற்றுங்கள்.

கே: ஷார்ட் ஷாஃப்டா, லாங் ஷாஃப்டா?

பின்பலகையின் உச்சியிலிருந்து படகின் அடிவரை டேப் வைத்து அளங்கள். 15 அங்குலம் அருகில் வந்தால் ஷார்ட், 20 அருகில் வந்தால் லாங். சுழலிக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்குமே, அது படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். மேலே இருந்தால் அலையில் காற்றைக் குடித்து இஞ்சின் வீணாகக் கத்தும். ரொம்பக் கீழே இருந்தால் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு இழுத்துப் பிடிக்கும்.

கே: சுழலி அளவு எப்படித் தெரிந்துகொள்வது?

அதன் மேலேயே இரண்டு எண் வெட்டியிருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். பிட்ச் என்றால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேறப் பார்க்கிறது என்பது. இஞ்சினோடு வரும் சுழலி பெரும்பாலும் லேசான படகை நினைத்துச் செய்தது, வலையும் ஐஸும் ஏற்றின நம் படகுக்கு அது சரிப்படாது. சோதனை எளிது. வழக்கமான சுமையோடு முழு முடுக்கில் ஓட்டி சுற்று எவ்வளவு வருகிறது என்று சின்ன மீட்டரில் பாருங்கள், பிளக் வயரில் சுற்றும் வகை மலிவாகக் கிடைக்கிறது. புத்தகத்தில் 4500 முதல் 5500 வரை என்று போட்டிருக்க, உங்களுக்கு 4000 தான் வருகிறது என்றால் இஞ்சின் மூச்சு முட்டி ஓடுகிறது. பிட்ச்சை ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 200 சுற்று கூடும், கணக்குப் போட்டு மாற்றுங்கள். ஒரு சுழலி விலையில் ஒரு இஞ்சின் ஆயுள் என்று நான் சொல்வதை இதுவரை கேட்டது மூன்று பேர்.

கே: கரை ஏறும்போது போட் கவிழ்ந்து இஞ்சின் தண்ணீரில் போய்விட்டது. என்ன செய்ய?

ஆள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டார்களா என்று பாருங்கள். அப்புறம் இஞ்சின்.

வெளியே எடுத்ததும் காய வைக்காதீர்கள், வெயிலில் வைத்தால் போதும் என்று நினைப்பது பெரிய தப்பு. உப்புத் தண்ணீரும் காற்றும் சேர்ந்தால்தான் துரு ஓடும். உடனே கழுவ முடியாவிட்டால் நல்ல தண்ணீர் நிரம்பிய டிரம்மில் அமுக்கி வையுங்கள். கழுவ ஆள் கிடைத்ததும் மூடியைக் கழற்றி நல்ல தண்ணீரால் முழுவதும் அலசி, பிளக்கைக் கழற்றி, பிளக் ஓட்டை கீழே பார்க்கும்படி சாய்த்து, கயிற்றை மெதுவாக இழுத்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். மெதுவாக என்பதைக் கவனியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மூழ்கியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம், இழுக்கும்போது எங்காவது தடுத்தால் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். தடையில்லை என்றால் கார்புரேட்டரைக் காலி செய்து துடைத்து, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, புதுப் பெட்ரோலில் அன்றைக்கே கிளப்பி அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் இஞ்சின் ஆயிலை மாற்றாமல் கிளப்பவே கூடாது. நாளைக்குப் பார்க்கலாம் என்று தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிட்டு வந்த இஞ்சினை நான் ஒன்றும் செய்ய முடியாது, பேரிங் எல்லாம் செங்கல் நிறத்தில் இருக்கும்.

கே: தினசரி பராமரிப்பு?

அவுட்போர்டை நல்ல தண்ணீர் டிரம்மில் ஐந்து நிமிஷம் ஓட விடுங்கள். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் மாற்றுங்கள். இஞ்சின் அரிக்காமல் இருக்கத் தான் கரையும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்தால் மாற்றுங்கள், மேலே பெயின்ட் அடிக்காதீர்கள், அடித்தால் அது வேலை செய்யாது.

கே: பேட்டரி மோட்டார் வருமாமே?

ஏரிக்கும் காயலுக்கும் நன்றாக இருக்கிறது. பத்து ஹெச்பி என்பது ஏழரை கிலோவாட். நாலு மணி நேரத்துக்கு 30 யூனிட், அவ்வளவு பேட்டரியை மணலில் யார் தூக்குவது? கிட்டத்தில் நண்டு வலை விடுகிறவர் வேண்டுமானால் யோசிக்கலாம்.

கே: மானியம், கடன், பதிவு?

இஞ்சினுக்கு மானியத் திட்டங்கள் உண்டு. தொகையும் நிபந்தனையும் மாறிக்கொண்டே இருப்பதால் பக்கத்து மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் வாங்குங்கள். வாங்கிவிட்டு பில்லோடு போய் நின்றால் பல நேரம் வேலைக்கு ஆகாது. பதிவு ரியல்கிராஃப்ட் இணையதளம் வழியாக, ஐ.என்.டி-டி.என் என்று ஆரம்பிக்கும் எண் கிடைக்கும், இஞ்சின் மாட்டின நாட்டுப்படகுக்கு நடுவில் எம்.ஓ என்று வரும். இந்த எண் இல்லாமல் மானிய டீசலும் இல்லை, காப்பீடும் சிக்கல். பழைய போட் வாங்கினால் பதிவைப் பெயர் மாற்றாமல் பணத்தை முழுவதும் கொடுக்காதீர்கள்.

கடனில் ஒன்றே ஒன்று சொல்வேன். வியாபாரி முன்பணம் தருகிறார், வட்டி இல்லை என்கிறார். வட்டி இல்லைதான், ஆனால் மீனை அவரிடமே அவர் சொல்கிற விலைக்குத்தான் போட வேண்டும், ஒவ்வொரு தடவை மீன் போடும்போதும் கழியும். சங்கத்திலோ வங்கியிலோ அலைந்து வாங்கும் கடனுக்குச் செருப்புத்தான் தேயும்.

கே: படகில் கூட என்னென்ன இருக்க வேண்டும்?

ஆளுக்கு ஒரு உயிர்காப்பு அங்கி, உட்கார்ந்துகொள்ள இல்லை, போட்டுக்கொள்ள. இரண்டு துடுப்பு, நங்கூரமும் கயிறும், தண்ணீர் இறைக்க வாளி, உதிரி பிளக், ஷியர் பின் (சுழலி எதிலாவது இடித்தால் தான் முறிந்து இஞ்சினைக் காக்கும் ஊசி), சின்ன டூல் பை, டார்ச், குடிநீர். விஎச்எஃப் வாக்கி (கடலில் பேசும் கை ரேடியோ) இருந்தால் நல்லது, ஒரு தூரத்துக்கு மேல் செல்போன் டவருக்கும் உங்களுக்கும் உறவு இல்லை. அவுட்போர்டில் வரும் சிவப்புச் சுருள் கயிற்றை மணிக்கட்டில் மாட்டுங்கள். தனியாகப் போகிறவர் தவறி விழுந்தால் இஞ்சினை நிறுத்துவது அது ஒன்றுதான், ஆனால் நம் கரையில் அதைப் பெரும்பாலும் இஞ்சினிலேயே சுற்றி வைத்திருப்பார்கள்.

கே: எந்த மாசத்தில் வாங்குவது நல்லது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகு போகலாம், மீனுக்கு நல்ல விலை நிற்கும். எல்லாரும் அந்தச் சமயத்தைக் குறிவைத்துப் பங்குனியில் அலை மோதுவார்கள், போட் கட்டுகிறவர் தேதி தரமாட்டார், தந்தாலும் அவசரத்தில் வார்ப்பார். மழை விட்டதும் தையில் ஆர்டர் கொடுங்கள். மாசி முடிவதற்குள் ஓடு கைக்கு வந்துவிட்டால் பங்குனி முழுக்க ஓட்டிப் பார்த்து, சுழலி மாற்றி, கசிவு பார்த்து, ஆளைப் பழக்க நேரம் இருக்கும். புது இஞ்சினுக்கு முதல் பத்து மணி நேரம் முழு முடுக்கு கொடுக்காதீர்கள், அந்தப் பத்து மணி நேரத்தையும் பங்குனியிலேயே கழித்துவிடலாம்.